நாற்பதாவது நிமிடம்

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. உன் அண்ணன் போய்ப் பதினான்கு மாதமாகிறது. இத்தனை நாளில் ஒரு வரி எழுதாதவனிடம் நலம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. போனும் செய்ய மாட்டேன். உன் குரல் அப்படியே அவர் குரல். அந்தக் குரல் "சொல்லுங்க அண்ணி" என்று கேட்டால் போனைத் தூக்கிச் சுவரில் அடித்துவிடுவேன்.

விஷயம் படகு. கரைச்சுவரைச் செப்பனிடப் போகிறார்களாம், எல்லாப் படகையும் எதிர்க்கரைக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். பாறையில் அடிபட்ட ஓட்டையை அடைத்து, விசாரணைக்காரர்கள் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து நம் படகு தாங்கு கட்டையிலேயே கிடந்தது. போன சனிக்கிழமைதான் தண்ணீரில் இறக்கினோம். கீழ்வீட்டுக்காரர்தான் ஓட்டினார். உனக்குத் தெரியும், படகுகளுக்குப் பாய் தைக்கிறவர். காற்றே இல்லை, என்ஜினில்தான் போனோம். சாவியைத் திருகியதும் ஓடியது. "ரொம்ப நாளா சும்மா கிடந்துச்சும்மா, முகத்துவாரம் வரைக்கும் ஒரு சுத்து ஓடட்டும்" என்றார். சரி என்றேன்.

நன்றாகத்தான் ஓடியது. பிறகு, யாரும் எதையும் தொடாமலே, சத்தம் தணிந்தது. பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் தயங்குவது போல. என்ஜின் வேகம் காட்டுகிற முள் இருபத்துநாலிலிருந்து பதினாறுக்கு இறங்கியது. அவர் வேக லிவரை முழுக்கத் தள்ளினார். கேட்கவில்லை. அணையவும் இல்லை. நகர்ந்தும் நகராமல் முனகிக்கொண்டே இருந்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற நேரமாக இருந்ததால் அதுவே எங்களைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம்.

உன் அண்ணன் போன அன்றைக்குத் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம், அவர் கயிற்றை அவிழ்த்தது காலை ஏழு பத்துக்கு. முகத்துவாரத்தில் படகு பாறைப்பக்கம் சாய்ந்துபோவதைத் தூண்டில்காரர்கள் பார்த்தது ஏழு ஐம்பதுக்கு. விசாரணைக்கு வந்தவர்கள் படகைக் கரையில் கட்டி வைத்தபடியே பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்ஜின் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்தே பத்து நிமிடம்!

கடைசியாக அதைக் கழற்றி மாட்டியவன் நீ. எங்கே பார்க்க வேண்டும் என்று எழுது. ஒன்றும் தெரியாதவளுக்கு எழுதுவது போல எழுது.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இப்போது தண்ணீர் பம்பும் ஜெனரேட்டரும் பழுது பார்க்கிற கடையில் இருக்கிறேன். இங்கிருந்து கடல் ஒரு நாள் பயணம்.

என்ஜின் பலம் குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்று. டீசல் போதாது, காற்று போதாது, இல்லை சுமை அதிகம். புகை என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. கறுப்பாக இருந்தால் ஒன்று, புகையே இல்லாவிட்டால் வேறு.

முதலில் டீசல் ஃபில்டர். படிக்கட்டைத் தூக்கினால் இடதுபக்கம் அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஒன்று இருக்கும். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நின்றால் திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். உள்ளே இருக்கிற காகித ஃபில்டரை மாற்றுங்கள். என்ஜின் மேலேயே இன்னொன்று உண்டு, அதையும். டேங்க் குழாயை மூடிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். மாட்டிய பிறகு மேலே உள்ள சின்னத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி, பம்பின் நாக்கை விரலால் அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். உள்ளே காற்று தங்கினால் ஓடாது.

தனியாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தண்ணீர் இறங்குகிற நேரத்தில் போகவே போகாதீர்கள்.

நம் குட்டி வாலு எப்படி இருக்கிறாள், ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

மாற்றினேன். இரண்டையும். டீசல் வாடை என்றாலே எனக்குக் குடலைப் புரட்டும் என்று உனக்குத் தெரியும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, உன்னையும் உன் சின்னத் திருகையும் வாயாரத் திட்டிக்கொண்டே செய்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே நின்று டார்ச் அடித்தார். அதாவது நான் பார்க்க வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அடித்தார். கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பழைய ஃபில்டரைப் பார்த்தால் திரும்பப் போடலாம் போல இருந்தது.

மறுநாள் தண்ணீர் ஏறும் நேரமாகப் பார்த்து ஓட்டினோம். முப்பது நிமிடம் ராஜா மாதிரி போனது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே தயக்கம். அதே முனகல். புகை இல்லை, தம்பி. கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டு நங்கூரம் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்துத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. மனுஷர் யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு எங்களைப் பழிக்கிற மாதிரி இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "இனிமே என்னைக் கூப்பிடாதம்மா" என்றார். அப்புறம் அவரே மறுபடி வந்து எப்போது போகலாம் என்று கேட்டார், அது வேறு.

வாலுவைக் கேட்டாய். அந்தப் பெயரே இப்போது பொருந்துவதில்லை. வாலையெல்லாம் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூண்டில்காரர்கள் விசாரணையில் சொன்னது ஊர் முழுக்கத் தெரியும்: "படகு கரையைப் பாத்துத் திரும்பித்தான் நின்னுச்சு. ஆனா என்ஜினை முடுக்கவே இல்லைங்க. மெதுவா ஓடவிட்டுட்டு அப்படியே பின்னால போயிட்டாரு." என்ஜின் நல்ல நிலையில் உள்ளது என்று காகிதமும் வந்த பிறகு கேட்க வேண்டுமா? வேணும்னே போனார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எவளோ அதைச் சொல்லியிருக்கிறாள். வந்து என்னிடம் கேட்டாள்: "அப்பாவுக்கு நம்மகிட்ட வரப் பிடிக்கலையாம்மா?"

கேட்ட வாயிலேயே அடித்தேன். பன்னிரண்டு வயசுப் பிள்ளையை. அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் எனக்கும் அதே கேள்விதான், தம்பி. பதில் தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன்.

அவர் அந்த லிவரை முழுக்கத் தள்ளினார், என்ஜின்தான் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அடுத்து எதைப் பார்க்க?

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

ப்ரொப்பெல்லரைப் பாருங்கள். சிப்பி ஒட்டியிருந்தால் சுமை கூடும். முங்குபவர் யாரையாவது இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புகைக்குழாய் வளைகிற இடத்தில் கரி அடைத்திருக்கலாம், நான்கு போல்ட்டுதான், கழற்றி விரலைவிட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். இழுவைப் படகு வைத்து எதிர்க்கரைக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எதற்காகத் திரும்பத் திரும்ப அங்கே போகிறீர்கள்?

வாலுவை அடிக்காதீர்கள்.

இங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்போது சுமை ஏறினால் ஒரு கணம் சத்தம் தணியும். எல்லா ஜெனரேட்டரும் அப்படித்தான். நான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுகிறேன். முதலாளி சிரிக்கிறார். என்னடா, பேய் அடிச்ச மாதிரி நிக்கிறே என்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

ப்ரொப்பெல்லரில் ஒரு சிப்பி இல்லை. புகைக்குழாயில் கரி இருந்தது, விரல் நுனி கறுக்கிற அளவுக்கு. நம் அடுப்படிச் சுவரில் அதைவிட அதிகம் இருக்கும்.

நேற்று நானும் கீழ்வீட்டுக்காரரும் போனோம். நாற்பது நிமிடமானது. முனக ஆரம்பித்தது. டீசல் தீர்ந்துவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம், குச்சி விட்டு அளந்து பார்க்கச் சொன்னார். நான் பின்தளத்துக்குப் போய் டேங்க் மூடியைத் திருகினேன். இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன்.

மூடி விலகியதும் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

கற்பனை இல்லை. கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்டது. தண்ணீருக்குள் ரொம்ப நேரம் முங்கியிருந்தவன் தலையைத் தூக்கி இழுக்கிற மூச்சு. நீளமாக, நெஞ்சு நிறைய. என் கை அந்த வாயின்மேல்தான் இருந்தது, உள்ளங்கையைப் பிடித்து இழுத்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன் என்று கீழ்வீட்டுக்காரர் சொல்கிறார், எனக்கு நினைவில்லை.

அதற்குள் என்ஜின் சத்தம் ஏறியது. தானாக. இருபது, இருபத்துநாலு. மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம். ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஃபில்டர், ப்ரொப்பெல்லர், புகைக்குழாய். டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புகை என்ன நிறம் என்று கேட்டாய், இல்லை என்று சொன்னேன், நீ சுமையைப் பார்க்கச் சொன்னாய். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் ஒருத்தன் எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு ஒரே ஒரு கதவை மட்டும் மறைத்துக்கொண்டு நின்றால் எனக்குத் தெரியும்.

உனக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. இல்லையென்று சொல் பார்ப்போம்.

அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு,

இல்லையென்று சொல்ல மாட்டேன்.

டேங்குக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் டேங்க் உள்ளுக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் டீசல் வராது. என்ஜின் சாகாது, புகைகூட இல்லாமல் பட்டினியில் முனகும். நிறுத்தி வைத்தால் எங்காவது மயிரிழை இடுக்கு வழியாகக் காற்று மெதுவாகக் கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி நன்றாக ஓடும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு ஒரு வாரம் முன்னால் படகின் பின்பக்கத்துக்கு நான்தான் பெயின்ட் அடித்தேன். கழுவுகிற தண்ணீர் உள்ளே போகாமலிருக்க மூச்சுத்துளையில் ஒரு மரக்கட்டையைச் செருகுவேன். கட்டையில் ஒரு சிவப்புக் கயிறு. அதன் மறுமுனையை என்ஜின் சாவியில் கட்டிவிடுவேன். கட்டையைப் பிடுங்காமல் யாரும் சாவியைத் திருக முடியாது. இத்தனை வருஷமாக அதுதான் என் வழக்கம். அன்று சாவி அண்ணன் பையில் இருந்தது, அவர் கடைக்குப் போயிருந்தார். வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று கயிற்றை அப்படியே விட்டேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

பஸ் பாதி வழி வந்தபோது நினைவு வந்தது, அண்ணி. போன் கையில்தான் இருந்தது. அண்ணன் பார்த்துக்குவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதன்பின் தூங்கிவிட்டேன்.

என்ஜின் நல்ல நிலையில் உள்ளது என்று அந்தக் காகிதம் வந்தபோது எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். நீங்கள்கூட என்னைப் பார்த்து, உன் மேல தப்பில்லடா என்றீர்கள். அதற்குமேல் உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் வரவில்லை, எழுதவில்லை.

கேபின் பின் ஜன்னலுக்கு வெளியே, கட்டைவிரல் போகிற அளவில், மேலே தொப்பி வைத்த மாதிரி ஒரு துளை. அதுதான்.

அண்ணன் லிவரை முழுக்கத் தள்ளினார். கடைசிவரை தள்ளிக்கொண்டுதான் இருந்திருப்பார். வாலுவிடம் சொல்லுங்கள்.

தம்பி


ஏப்ரல் 6

படித்தேன்.

உன் கையைப் பிடித்துப் படி இறக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். நீ பஸ்ஸில் தூங்கினாயா?

இனி எழுதாதே.


ஏப்ரல் 12

தம்பிக்கு,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். போன கடிதத்தைக் கிழித்துப் போடு. முடிந்தால் அதில் இருந்ததை மறந்துவிடு.

உன் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று போனேன். பார்த்துவிட்டு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நீ சொன்ன இடத்தில் கட்டை இல்லை. கயிறும் இல்லை.

வீட்டுக்கு வந்து வாலுவிடம், சிவப்புக் கயிறு கட்டின மரக்கட்டை எதையாவது பார்த்தாயா என்று சும்மாதான் கேட்டேன். பென்சில் டப்பாவைத் திறந்து எடுத்து நீட்டினாள். "அப்பா குடுத்தாரும்மா. அவர் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம். உங்க சித்தப்பா தலையைக்கூட எங்கயாச்சும் கழட்டி வெச்சுட்டுப் போயிடுவான், வந்தா இதைக் குடு, நல்லா கிண்டல் பண்ணுன்னு சொன்னாரு."

அவர் பார்த்துக்கொண்டார், தம்பி. நீ பஸ்ஸில் நினைத்தது சரிதான்.

அப்படியானால் அடைத்தது எது? மறுபடி போய் நீளமூக்குக் குறடை அந்தத் துளைக்குள் விட்டேன். துணி. டீசலில் ஊறிக் கெட்டியாகிப் போயிருந்தது. வெளியே இழுத்து விரித்தேன். நீலப்பூ போட்ட தலையணை உறையில் ஒரு துண்டு.

அந்த வாரம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கடைசி ராத்திரி மூன்று பேரும் படகில்தான் படுத்தோம். என் படுக்கை பின் ஜன்னலுக்குக் கீழே. வெளியே ஏதோ ஒரு துளையிலிருந்து டீசல் நாற்றம் குபுகுபுவென்று வந்தது. ஜன்னலை மூடினால் புழுக்கம். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பழைய உறையில் ஒரு துண்டைக் கிழித்து, கையை வெளியே நீட்டி, அந்தத் துளையில் திணித்தேன். கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி இறுக்கினேன். சாக்கடைத் துளை என்று நினைத்தேன், தம்பி. காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் சுண்ணாம்புக்காரர்கள் வந்து நிற்கிறார்கள் என்று விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அதற்குப் பிறகு அந்தத் துணி என் நினைவில் ஒரு நாள், ஒரு நிமிடம்கூட வந்ததில்லை.

அவர் திரும்பி வரத்தான் பார்த்தார். நான் கேட்டது அதுதானே. தெரிந்துவிட்டது.

நீ செய்யவில்லை. அதை உனக்குச் சொல்லத்தான் எழுதினேன். என்னைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. துணியைத் துவைத்துக் கொடியில் போட்டேன். ஏன் துவைத்தேன் என்று கேட்காதே.

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணிக்கு,

நான் சொல்வதைக் கோபப்படாமல் படியுங்கள்.

அந்தத் துணியை எரித்துவிடுங்கள். மரக்கட்டையை வாலுவிடமிருந்து வாங்கி எனக்கு அனுப்பிவிடுங்கள். மூச்சுத்துளையில் அடைப்பு இருந்தது, சித்தப்பா வேலை செய்தபோது விட்டுப்போன பொருள், அதனால்தான் அப்பாவால் வர முடியவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். விசாரணை அலுவலகத்துக்கும் அப்படியே எழுதித் தருகிறேன். பதினான்கு மாதமாக அது என்னுடையதாகத்தான் இருந்தது. பழகிவிட்டது. எனக்குப் புதிதாக ஒன்றும் ஆகாது.

அவள் என்னை வெறுத்தால் நான் எங்கோ இருக்கிறவன். உங்களை வெறுத்தால் அவள் எங்கே போய்ச் சாப்பிடுவாள், யாரிடம் தலை பின்னிக்கொள்வாள்? யோசியுங்கள்.

நீங்கள் தெரிந்து செய்யவில்லை. அந்தத் துளை என்ன என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதற்கு முந்தின வாரம் நான் அங்கே வேலை செய்துகொண்டு இருந்தேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தம்பி


ஏப்ரல் 26

தம்பிக்கு,

நீ எழுதியபடியே செய்யத்தான் உட்கார்ந்தேன். பொய் சொல்லக்கூடாது என்கிற பெரிய மனசெல்லாம் எனக்குக் கிடையாது. அவளை எதிரே உட்காரவைத்து, என்ஜினுக்கு என்ன ஆனது என்று முழுக்கச் சொன்னேன். அப்பா லிவரை முழுக்கத் தள்ளினார், டீசல் வரவில்லை, வந்திருந்தால் எட்டரை மணிக்கு வீட்டில் இருந்திருப்பார் என்றேன். "நிஜம்மா வரத்தான் பாத்தாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி கேட்டாள். ஆமாம்டி என்றேன். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு அழுதாள். பதினைந்து மாதத்தில் முதல்முறையாகச் சத்தம்போட்டு அழுதாள், எனக்கு உயிர் வந்தது.

அப்புறம் கேட்டாள்: "எதும்மா அடைச்சுக்கிட்டு இருந்துச்சு?"

உன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. வந்து நின்றுவிட்டது. இனி ஒவ்வொரு வருஷமும் நீ அவளைப் பார்க்க வரும்போது அவள் உன்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். நான் பக்கத்தில் நின்று காபி கலக்கிக்கொண்டு இருப்பேன். முடியவில்லை. உள்ளே போய்த் துணியை எடுத்துவந்து மடியில் போட்டேன். நான்தான் என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். கீழ்வீட்டுக்காரர் வந்து ஜோக்கெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். என்னை வெறுக்கிறாள், வெறுக்கட்டும், அப்பா வேண்டாமென்று போனவர் இல்லை என்று தெரிந்துகொண்டாளே அது போதும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இன்று மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். "அம்மா, அன்னிக்கு ராத்திரி உனக்கு ரொம்ப நாறுச்சா?"

"ஆமாடி" என்றேன்.

"உனக்கு இல்லை. நீ தூங்கிட்டிருந்தே. எனக்குத்தான் குமட்டிக்கிட்டு வந்துச்சு. நான்தான் உன்னை எழுப்பினேன். ஏதாச்சும் பண்ணும்மான்னு சொன்னேன். உனக்கு ஞாபகம் இல்லையா?"

இல்லை, தம்பி. சத்தியமாக இல்லை. அவள் சொல்லும்வரை இல்லை. சொன்னதும் அவள் கை என் தோளை உலுக்கியது நினைவு வந்தது. "அப்போ நான்தானே" என்றாள். அழவில்லை. நல்ல தெளிவான குரலில், வீட்டுப்பாடக் கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாள். இரண்டு நாளாக அவள் என்மேல் கோபமாக இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈரக்கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். உன் தப்பில்லடி, நீ குழந்தைடி, அம்மாதான்டி. தலையை ஆட்டினாள். எனக்கு வருத்தமாக இருக்கக்கூடாது என்பதற்காக ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். உன் மேல தப்பில்லடா என்று நான் சொன்னபோது நீ ஆட்டியது அதுதான்.

நான் சொல்வது அவள் காதில் ஏறாது. நான் செய்தவள். செய்யாத ஒன்றைத் தன்னுடையதென்று எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஊரைவிட்டு ஓடி, பதினான்கு மாதம் தின்னாமல் தூங்காமல் இருந்தவன் நீ ஒருத்தன்தான் எங்கள் வீட்டில். அது எப்படி இருந்தது என்று அவளிடம் நீதான் சொல்ல வேண்டும்.

பதில் எழுதாதே. கடிதம் வந்து சேர மூன்று நாளாகிறது. கிளம்பி வா.

அண்ணி